வேட்டை என்று பெட்டியில் எழுதிய ஏர் ரைபிள்: சேலத்திலும் ஏற்காட்டிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

கடந்த கார்த்திகை மாதத்தில் சேலத்தில் ஒரு கடையில் 4.5 மி.மீ. ஏர் ரைபிள் ஒன்றை வாங்கினேன். குழலைக் கீழே மடித்து ஸ்பிரிங்கை இறுக்கும் வகை அது; பெட்டியின் மேல் வேட்டைக்கான ரகம் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அழகாபுரத்தில் உள்ள வீட்டின் பின்புறத்திலும், ஏற்காட்டில் எங்கள் குடும்பத்துக்கு உள்ள சிறிய காப்பித் தோட்டத்திலும் ஏழு மாதமாக அதைச் சோதித்து, ஒவ்வொரு தாளையும் தேதியிட்டு வைத்திருக்கிறேன். உறவினர்களும் தோட்டத்து அண்டை வீட்டாரும் புதிதாக வாங்க நினைக்கும் நண்பர்களும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்களைக் கேட்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன்.

இது நெசத் துப்பாக்கிங்களா, இல்ல திருவிழாவுல பலூன் சுடறதுங்களா?

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: வெடிமருந்து இல்லை, அழுத்தப்பட்ட காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. குழலை மடிக்கும்போது உள்ளே உள்ள கனமான ஸ்பிரிங் பின்னோக்கி இறுகுகிறது. விசையை இழுத்ததும் அது விடுபட்டுப் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் அகப்பட்ட காற்று ஒரு கணத்தில் நெருக்கப்பட்டு, சிறு துளை வழியாகப் பாய்ந்து, ஈயக் குண்டைக் குழலுக்குள் செலுத்துகிறது. குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்டிருக்கும் முறுக்கு வரிகள் குண்டைச் சுழல வைப்பதால்தான் அது நேராகப் போகிறது.

ஆனால் பலூன் கடைத் துப்பாக்கியின் நினைவோடு இதைக் கையாளக் கூடாது. இதன் குண்டு தோலைத் துளைக்கும், கண்ணைப் பறிக்கும். ஏர் ரைபிள் குண்டு பட்டு மனிதர்கள் இறந்ததும் உண்டு. பொம்மை என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் இதற்குப் பயன்படுத்துவதில்லை.

லைசென்ஸ் வேணுங்களா? கடைக்காரர் வேண்டாம்ங்கறார், எங்க மாமா வேணும்ங்கறார்.

இருவரும் வெவ்வேறு துப்பாக்கியை நினைத்துப் பேசுகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் இரண்டு அளவுகள் உள்ளன: குண்டு வெளியேறும் இடத்தில் 20 ஜூல் ஆற்றல், குழலின் விட்டம் 0.177 அங்குலம், அதாவது 4.5 மி.மீ. இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தாண்டும் ஏர் ரைபிளுக்கும் உரிமம் தேவை. கடைகளில் உரிமமின்றி விற்கப்படுபவை இந்த எல்லைக்குள் அடங்குபவை. ஆகவே 5.5 மி.மீ. குழல் கொண்ட துப்பாக்கியை யாராவது பழக்கத்தின் பேரில் கைமாற்றித் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

என்னிடம் கடையில் ஆதார் நகலும் முகவரிச் சான்றும் வாங்கிக்கொண்டார்கள். பில்லின் நகல் ஒன்று எப்போதும் துப்பாக்கிப் பையிலேயே இருக்கிறது. மலைக்கு எடுத்துச் செல்லும்போது, குண்டு ஏற்றாமல், பையில் வைத்து, காரின் டிக்கியில்தான் வைக்கிறேன்; சோதனைச் சாவடியில் கேட்டால் பில்லைக் காட்டுகிறேன்.

வேட்டைக்குன்னே போட்டிருக்கே, அப்ப முயல், காடை, கவுதாரி அடிக்கலாம்ல?

கூடாது. இந்தக் கேள்விதான் என்னிடம் அதிகமாக வருகிறது, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பது ஆயுதச் சட்டத்தின் விஷயம். எதைச் சுடலாம் என்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் விஷயம். அந்தச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவதும், பிடிப்பதும், அதற்கு முயல்வதும், முட்டையையோ கூட்டையோ சிதைப்பதும் அதன் பார்வையில் வேட்டையே. காட்டு முயல், காடை, கவுதாரி, மணிப்புறா எல்லாம் அதன் பாதுகாப்பில் உள்ளவை. 2022-இல் திருத்தப்பட்ட பிறகு, பொதுவான குற்றத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். மயில் போல முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்றால் சிறை மூன்றாண்டுக்குக் குறையாது, ஏழாண்டு வரை போகும், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளின் சந்தைக்காக உருவான பெயர், பெட்டியோடு சேர்ந்து இங்கே வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் எந்த அதிகாரமும் இல்லை. அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் ஏர் கன்களை மக்களே முன்வந்து ஒப்படைக்கும் இயக்கம் ஒன்றை அரசு தொடங்கியது. காடுகளில் பறவைகளின் ஒலி குறைந்துபோனதற்கு இந்தச் சிறிய துப்பாக்கிகளும் காரணம் என்று உணர்ந்ததால் ஆயிரக்கணக்கில் ஒப்படைத்தார்கள். எங்கள் தோட்டத்தின் சில்வர் ஓக் மரங்களில் காலையில் கேட்கும் குரல்களைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். என்னுடைய துப்பாக்கி தாளையும் தகர டப்பாவையும் தவிர வேறு எதன் மேலும் திரும்பியதில்லை.

மொத நாள் கையில எடுத்தப்ப எப்படி இருந்துச்சு?

கனமாக இருந்தது. வீட்டுத் தராசில் 3.3 கிலோ காட்டியது. குறி பார்க்க உதவும் தொலைநோக்கியான ஸ்கோப்பைப் பொருத்திய பிறகு நான்கைத் தொட்டது. கட்டை நல்ல மரம், தோளில் சரியாகப் பதிந்தது, ஆனால் கன்னம் வைக்கும் இடம் எனக்குச் சற்றுத் தாழ்வு. குழல் வாயில் எண்ணெய் பிசுபிசுத்தது. மடிப்பதற்கு நான் நினைத்ததைவிட அதிக பலம் வேண்டியிருந்தது; இருபது முறை சுட்டதும் வலது தோள் களைத்துவிட்டது. விசை நீளமாக இழுபட்டு, எப்போது விடுபடும் என்று தெரியாமல் இருந்தது. கட்டையைப் பிணைக்கும் திருகுகளில் இரண்டு, பெட்டியிலிருந்து எடுத்தபோதே கால் சுற்றுத் தளர்ந்திருந்தன. கடையில் அதைச் சொன்னபோது எல்லாம் அப்படித்தான் வரும் என்று அனுப்பிவிட்டார்கள். முதல் குண்டைச் சுடுவதற்கு முன்பே எல்லாத் திருகையும் சரிபாருங்கள் என்பது அன்று நான் கற்றது.

இன்னொன்றையும் முதல் நாளே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். குழல் மடிந்திருக்கும் நிலையில் குண்டை வைக்கும்போது, மறு கையால் குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். உள்ளே பிடிப்பு நழுவினால் குழல் விசையோடு மேலே வந்து விரலை நசுக்கிவிடும்.

சுட்டதும் புகை வருது, தீஞ்ச வாசம் அடிக்குது. கெட்டுப்போச்சுங்களா?

கெடவில்லை. தொழிற்சாலையில் பூசிய எண்ணெயின் மிச்சம் காற்று நெருக்கப்படும்போது உண்டாகும் சூட்டில் எரிகிறது. டீசல் எஞ்சினில் நடப்பதே இங்கும் நடக்கிறது. எனக்கு முதல் நாற்பது, ஐம்பது குண்டு வரை புகை வந்தது, சில சமயம் சத்தமும் கூடுதலாக இருந்தது. அந்தக் குண்டுகளின் வேகம் ஒன்றுக்கொன்று மிகவும் மாறும் என்பதால் அந்தக் கட்டத்தில் குறியைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

புகை வருகிறதே என்று தையல் மெஷின் எண்ணெயை உள்ளே விடுபவர்கள் உண்டு. அது எரிவதை அதிகமாக்கி, பிஸ்டனில் காற்று கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தையும் ஸ்பிரிங்கையும் கெடுத்துவிடும். குழலை மட்டும் உலர்ந்த துணித் துண்டால் இழுத்துத் துடைத்தால் போதும். குண்டு இல்லாமல் வெறுமனே சுடுவதும் கூடாது. எதிரே காற்று மெத்தை உருவாகாமல் பிஸ்டன் நேராகப் போய் இடிக்கும்.

பத்து மீட்டர்லயே செதறுதே அண்ணா, மோசமான துப்பாக்கியை வாங்கிட்டனா?

நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன். பத்து மீட்டரில் ஐந்து குண்டுகள் நான்கு செ.மீ. அகலத்துக்குச் சிதறின. மணல் மூட்டையில் துப்பாக்கியைக் கிடத்தி, இறுகப் பிடித்து, மூச்சை அடக்கிச் சுட்டேன், இன்னும் மோசமானது. பிறகுதான் காரணம் புரிந்தது. ஸ்பிரிங் வகையில் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே, கனமான பிஸ்டன் முன்னே ஓடுவதால் துப்பாக்கி பின்னே உதைக்கிறது, பிஸ்டன் முனையில் நின்றதும் முன்னே குதிக்கிறது. இந்த இரட்டை அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நடந்தால் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். இறுகப் பிடித்தால், பிடியின் பலம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறுவதால், அசைவும் மாறிவிடுகிறது. கடினமான பொருளின் மேல் வைத்தால் துப்பாக்கி அதிலிருந்து எகிறுகிறது.

ஆகவே இடது உள்ளங்கையை விரித்து, விரல்களை மடக்காமல், கட்டையை அதன்மேல் படுக்க வைக்க வேண்டும்; தோளில் அழுத்தாமல் தொட்டிருந்தால் போதும்; துப்பாக்கி தன் விருப்பப்படி அசையட்டும். உள்ளங்கை கட்டையின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். நான் விசைக் காப்பிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, எப்போதும் அங்கேயே தாங்குகிறேன். சுட்ட பிறகும் ஒரு நொடி கண்ணைக் குறியிலேயே வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் கடைப்பிடித்த இரண்டாம் வாரத்தில் அதே தூரத்தில் சிதறல் ஒன்றரை செ.மீ. ஆனது. துப்பாக்கியில் நான் எதையும் மாற்றவில்லை.

எத்தனை குண்டு சுட்டா பழகும்?

என்னுடையது முந்நூறைத் தாண்டியதும் சீரானது. விசையும் அதற்குள் இளகியது. ஐந்நூறு வரை பொறுத்திருக்கலாம்.

குண்டுல என்னங்க இருக்கு, எல்லாம் ஈயம்தானே?

ஈயம்தான், ஆனால் தலையின் வடிவமும் எடையும் விட்டமும் வேறு வேறு. நான்கு டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் இருபது குண்டுகளைப் பத்து மீட்டரிலும் இருபது குண்டுகளை இருபத்தைந்து மீட்டரிலும் சுட்டுப் பார்த்தேன். தட்டைத் தலைக் குண்டு தாளில் அச்சு வைத்தாற்போல் வட்டமான துளை போடும்; பத்து மீட்டரில் அதுதான் முதலிடம். தூரம் கூடியதும் காற்று அதைச் சீக்கிரம் தடுத்துவிடுவதால், இருபத்தைந்து மீட்டரில் 0.52 கிராம் எடையுள்ள உருண்டைத் தலைக் குண்டு முந்தியது. கூர்முனைக் குண்டு பார்க்கப் பயங்கரமாக இருக்கும், கடையிலும் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள்; என் துப்பாக்கியில் இரண்டு தூரத்திலும் அதுவே கடைசி. அதே மாதிரித் துப்பாக்கி வைத்திருக்கும் நண்பருக்கு வேறு டப்பா ஒத்துவந்தது. ஒவ்வொரு குழலும் தனக்கானதைத் தேர்ந்துகொள்கிறது, தாளில் சுட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குண்டின் பின்பக்கப் பாவாடை மிக மெல்லியது. டப்பா கீழே விழுந்தால் நசுங்கும், நசுங்கிய குண்டு எங்கோ போகும். வாயில் குண்டுகளை அடக்கிக்கொண்டு சுடும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஈயம் நஞ்சு, அதைச் செய்யாதீர்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே எதையும் உண்ணுங்கள்.

விளம்பரத்துல செகண்டுக்கு ஆயிரம் அடின்னு போட்டிருக்கான், அது உண்மைங்களா?

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஆயிரம் அடி என்பது நொடிக்கு 305 மீட்டர். ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. சாதாரண 0.49 கிராம் ஈயக் குண்டு அந்த வேகத்தில் போனால் ஏறத்தாழ 22.8 ஜூல் வரும். மேலே சொன்ன 20 ஜூல் எல்லையைத் தாண்டிவிடும். உரிமம் இல்லாமல் விற்கும் துப்பாக்கியில் அந்த வேகம் எழுதப்பட்டிருந்தால், பெரும்பாலும் அது 0.34 கிராம் எடையுள்ள இலேசான உலோகக் கலவைக் குண்டில் எடுத்த அளவாக இருக்கும். அதில் 16 ஜூல் அளவுதான் வருகிறது. அவ்வளவு வேகத்தில் இலேசான குண்டு நிலையாகப் பறப்பதும் இல்லை.

வேகமானி விலை அதிகம் என்பதால் நான் கைப்பேசியால் அளந்தேன். குழல் வாய்க்கு அருகே ஒலிப்பதிவை ஓடவிட்டு, சரியாகப் பத்து மீட்டரில் உள்ள தகரத்தைச் சுட வேண்டும். பதிவில் சுடும் ஒலிக்கும் தகரத்தின் ஒலிக்கும் இடையே எனக்கு 76 மில்லி நொடி இருந்தது. தகரத்தின் ஒலி கைப்பேசிக்குத் திரும்பிவர 29 மில்லி நொடி ஆகும். அதைக் கழித்தால் குண்டு பறந்த நேரம் 47. அதாவது சராசரியாக நொடிக்கு 213 மீட்டர். 0.52 கிராம் குண்டுக்கு அது சுமார் 12 ஜூல். குழல் வாயில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். விளம்பரத்தின் எண்ணைவிட வெகுவாகக் குறைவு, ஆனால் தாளில் சுட இது தாராளம்.

பெரிய துப்பாக்கி ஸ்கோப் ஒன்னு சும்மா கெடக்குது, அதையே மாட்டிக்கலாமா?

வேண்டாம். முன்பு சொன்ன இரட்டை அசைவுதான் காரணம். வெடிமருந்துத் துப்பாக்கி பின்னே மட்டும் உதைக்கும், அதன் ஸ்கோப் அதைத் தாங்கும்படி கட்டப்பட்டது. ஸ்பிரிங் ஏர் ரைபிள் முன்னேயும் குதிப்பதால் உள்ளே உள்ள கண்ணாடிகள் எதிர்த்திசையில் தளர்ந்துவிடும். நான் முதலில் மாட்டிய மலிவான ஸ்கோப்பில் இருநூறாவது குண்டுக்குள் குறிக்கோடு சாய்ந்துவிட்டது. ஏர் ரைபிளுக்கென்று செய்யப்பட்டதும், பத்து மீட்டருக்கே தெளிவைச் சரிசெய்யக்கூடியதுமான ஸ்கோப்பையே வாங்குங்கள். பின்னே நழுவாமல் தடுக்கும் முளை உள்ள பிடிவளையமும் சேர்த்து வாங்குங்கள்.

இருபது மீட்டர்ல நச்சுன்னு படுது, அஞ்சு மீட்டர்ல மட்டும் கீழ போகுதே?

ஸ்கோப் குழலுக்கு மேலே நான்கு செ.மீ. உயரத்தில் இருக்கிறது. குண்டு அந்த உயரத்தை ஏறி உங்கள் பார்வைக் கோட்டைத் தொடச் சிறிது தூரம் ஆகும், பிறகு புவியீர்ப்பில் மீண்டும் கீழே வரும். ஐந்து மீட்டரில் இரண்டு மூன்று செ.மீ. கீழே படுவதுதான் சரி. குறியைத் திருகி மாற்றிவிடாதீர்கள்.

சேலத்துல சரி பண்ணின குறி ஏற்காட்டுக்குப் போனா மாறுதுன்னு சொல்றீங்களே, நெசமா?

உண்மைதான், சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டரில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. ஸ்பிரிங் துப்பாக்கிக்குச் சுற்றியுள்ள காற்றே எரிபொருள் என்பதால், அறைக்குள் அகப்படும் காற்று குறைந்து, குண்டின் தொடக்க வேகமும் குறைகிறது. மார்கழிக் காலையில் கைப்பேசிச் சோதனையைத் தோட்டத்தில் செய்தபோது பறந்த நேரம் 47-க்குப் பதில் 49 மில்லி நொடி இருந்தது, அதாவது நொடிக்கு 204 மீட்டர். குளிரில் உள்ளே உள்ள மசகு கெட்டியாவதும் இதில் சேர்ந்திருக்கும். மறுபக்கம், மெல்லிய காற்று பறக்கும் குண்டைக் குறைவாகவே தடுக்கிறது. அது இழப்பில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. இருபத்தைந்து மீட்டரில் என் குண்டுகள் ஒரு செ.மீ. அளவுக்குக் கீழே பட்டன. மலையில் சுடும் நாளில் முதல் பத்துக் குண்டுகளைக் குறி பார்க்கவே ஒதுக்கிவிடுகிறேன்.

மழைக்காலத்து மூடுபனியில் மரக்கட்டை ஈரம் குடித்து உப்பும், திருகுகள் நெகிழும், குழலில் துரு பிடிக்கும். ஒவ்வொரு மாலையும் எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, பையைத் திறந்தே வைக்கிறேன்.

மொட்டை மாடியில சுடலாங்களா?

வேண்டாம். தவறிய குண்டு முந்நூறு மீட்டரைக் கடந்தும் போகக்கூடும், சேலத்து வீதிகளில் அதற்குள் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தரைமட்டத்தில், பின்னால் உயரமான சுவர் உள்ள இடத்தில், பழைய துணி இறுக அடைத்த மரப்பெட்டியை வைத்து அதன்மேல் தாளை ஒட்டிச் சுடுகிறேன். கல்லிலும் இரும்புத் தகட்டிலும் பட்ட குண்டு சுட்டவரை நோக்கியே திரும்பும். வேகச் சோதனைக்குக்கூட மெல்லிய டப்பாத் தகரத்தைத்தான் துணிப்பெட்டிக்கு முன்னால் தொங்கவிட்டேன். சுடுபவரும் அருகில் நிற்பவரும் கண்ணாடி அணிய வேண்டும். தோட்டத்தில் மண்மேட்டை நோக்கி மட்டும் சுடுகிறேன். காப்பி பறிப்பு நடக்கும் நாட்களில் துப்பாக்கியை வெளியே எடுப்பதே இல்லை.

மச்சான், பையன் கேக்கறான், அவனுக்கு ஒன்னு வாங்கித் தரலாமா?

வேட்டை ரகத்தை வாங்காதீர்கள். குழலை மடிக்கும் பலம் சிறுவனுக்கு இருக்காது, விரல் நசுங்கும் ஆபத்தை மேலே சொல்லியிருக்கிறேன். ஆர்வம் உண்மையானது என்றால் ரைபிள் கிளப்பில் பயிற்சியாளரிடம் சேர்த்துவிடுங்கள். அங்கே பயன்படும் பத்து மீட்டர்ப் போட்டித் துப்பாக்கிக்கு உதையே கிடையாது. குறித் தாளில் பத்து மதிப்பெண் புள்ளி வெறும் அரை மி.மீ. அகலம். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது அந்தப் போட்டியில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் சுட்டதும் அதில்தான்.

தோட்டத்துல கொரங்கும் காட்டுப்பன்னியும் வந்து நாசம் பண்ணுதே, வெரட்டறதுக்குக்கூட சுடக் கூடாதா?

கூடாது, எனக்கும் அந்த நஷ்டம் உண்டு என்பதால் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். விரட்டுவதற்காகச் சுட்டுக் காயப்படுத்தினாலும் முன்பு சொன்ன சட்டப்படி அது வேட்டையே. 12 ஜூல் குண்டு பன்றியின் தோலுக்குள் புகுந்து தங்கும், அதைக் கொல்லாது. சீழ் பிடித்து வாரக்கணக்கில் அது துடிக்கும், அருகில் போகும் வேலையாட்கள் மேல் பாயவும் செய்யும். காட்டெருமை பக்கம் துப்பாக்கியைத் திருப்புவதை நினைத்துப் பார்க்கவும் வேண்டாம். பன்றிகளைப் பற்றி வனத்துறையிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள், பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடும் கேளுங்கள். குரங்குகளுக்கு எங்கள் தோட்டத்தில் நாயும் தகரச் சத்தமும்தான்.

ஏழு மாசம் கழிச்சு குறி மெல்ல மெல்ல கீழ எறங்குது, ஸ்பிரிங் போச்சுங்களா?

இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். முதலில் கட்டைத் திருகுகள், அடுத்து ஸ்கோப் பிடிவளையம் பின்னே நழுவியிருக்கிறதா என்பது, அடுத்து குண்டு டப்பா புதியதா என்பது, அடுத்து நீங்கள் தாங்கும் இடம். எனக்குச் சென்ற மாதம் இதே குறை வந்தபோது, பென்சில் கோடு அழிந்து, என் உள்ளங்கை இரண்டு விரல் முன்னே போயிருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் இறங்கினால், வாங்கிய புதிதில் எடுத்த கைப்பேசி அளவோடு இன்றைய அளவை ஒப்பிடுங்கள். அதே ஊரில், அதே குண்டில், பறக்கும் நேரம் ஐந்தாறு மில்லி நொடி கூடியிருந்தால் ஸ்பிரிங்கோ சீலோ தளர்ந்திருக்கிறது. குழலை மடித்த நிலையில் மணிக்கணக்கில் வைத்திருந்தீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். ஸ்பிரிங்கை வீட்டில் கழற்ற வேண்டாம்; முன்னிறுக்கத்தோடு அடைபட்டிருக்கும் அது, தகுந்த கருவி இல்லாமல் திறந்தால் முகத்தை நோக்கி எகிறும். பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது இரண்டு அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள்.